ஓசெட் மரப் பொருள்கள்: மண்ணுக்குள் மட்காமல் இருந்தது எப்படி?

மழையூர்க்காரன்:
போன வாரம் குடும்பத்தோடு நியா பே வரை போய்வந்தோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலை, அதற்கு அப்பால் கடல்தான். அங்கே மக்கா பழங்குடி மக்கள் நடத்தும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஓசெட் என்ற பழைய கடற்கரைக் கிராமத்தில் தோண்டி எடுத்ததை எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூடை, கயிறு, பெட்டி, கிண்ணம், மீன் தூண்டில், பார்த்ததில் பெரும்பாலும் மரமும் நாரும்தான். திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு வடிவத்தில் செடார் மரத்தில் செதுக்கிய ஒன்று இருக்கிறது, அதில் கடல் நீர்நாயின் பற்கள் எழுநூறுக்கும் மேல் பதித்திருக்கிறார்கள். என் பையன் எண்ண ஆரம்பித்து தொண்ணூறோடு விட்டுவிட்டான்.

எனக்குப் புரியாதது இதுதான். ஊரில் வேலிக்கு நட்ட கம்பு இரண்டு மழைக்காலம் தாங்காது, கரையான் தின்றுவிடும். கீழடி மாதிரி இடங்களிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் பானை ஓடு, மணி, செங்கல். வருடம் முழுக்க மழை கொட்டுகிற இந்தக் கடற்கரையில் மட்டும் எப்படி மரம் இத்தனை நூற்றாண்டு இருந்தது? அப்புறம், தோண்டிய இடத்தை இப்போது போய்ப் பார்க்க முடியுமா? இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஏன் இந்தக் கடைக்கோடியில் வைத்திருக்கிறார்கள்?

ஈரமண்:
மழை கொட்டுவதால்தான் இருந்தது நண்பரே. மரத்தை மட்க வைப்பது ஈரம் மட்டுமல்ல, ஈரமும் காற்றும் சேர்ந்து. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் காற்று வேண்டும், காற்று இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. வேலிக் கம்பைப் பிடுங்கிப் பாருங்கள், இற்றுப்போயிருப்பது பெரும்பாலும் தரை மட்டத்தில்தான்.

ஓசெட்டில் மலைச்சரிவு ஈரக் களிமண்ணாக இறங்கி, வீடுகளைச் சாமான்களோடும் ஆட்களோடும் மூடிவிட்டது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் என்கிறார்கள், பழைய நூல்களில் 500 என்று இருக்கும். 1700 ஜனவரியில் அந்தக் கடற்கரையை உலுக்கிய பெரிய நிலநடுக்கம்தான் சரிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. மலையிலிருந்து ஊறும் தண்ணீர் அந்தச் சேற்றை உலரவே விடவில்லை. மக்கா பெரியவர்கள் ‘மண் வந்து ஊரை மூடியது’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை 1970இல் உண்மையாகிவிட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு புயல் கரையை அரித்து, உள்ளே இருந்த மரங்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

பிறகு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோஹெர்ட்டி குழுவும் மக்கா மக்களும் சேர்ந்து 11 வருடம் தோண்டினார்கள். மண்வெட்டியோ கொத்துக்கரண்டியோ பட்டால் ஊறிய மரம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டுவிடும். அதனால் கடல்நீரை பம்ப் வைத்து இறைத்து, தோட்டத்துக் குழாய் மாதிரி பீய்ச்சிச் சேற்றைக் கரைத்தார்கள். ஆல்டர் மர இலைகள் பச்சையாகவே வந்ததாகவும், காற்றுப் பட்டதும் கண் முன்னால் கறுத்ததாகவும் படித்திருக்கிறேன்.

சிக்கலே வெளியே எடுத்த பிறகுதான். எங்கள் ஊர்க் கிணறு தூர் வாரியபோது இதை நேரிலேயே பார்த்தேன். தண்ணீர் ருசிக்காகத் தாத்தா காலத்தில் அடியில் போட்ட நெல்லிக்கட்டை வந்தது, கன்னங்கரேலென்று. நகம் வைத்தால் மேல்தோல் மட்டும் சோப்பு மாதிரி பதிந்தது, மற்றபடி உளித் தடம்கூட அப்படியே இருந்தது. ஆசையாக எடுத்துத் திண்ணையில் வெயிலில் வைத்தேன். நாலாம் நாள் முறுக்கிக்கொண்டு, நீளவாக்கில் விரல் போகிற அளவு பிளந்துவிட்டது. பல வருடம் ஊறிய மரத்தில் உள்சரக்கு கரைந்து போயிருக்கும், அந்த இடத்தைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆவியானால் மரத்தின் நுண்ணறைச் சுவர் உள்வாங்கி எல்லாம் சுருண்டுவிடும்.

அதனால் ஓசெட் பொருள்களை உலர விடாமல் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறப்போட்டார்கள். மெழுகு மாதிரியான பொருள், களிம்பிலும் மலச்சிக்கல் மருந்திலும்கூட இருப்பதுதான். அது மெல்ல உள்ளே போய்த் தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்ல என்றால் நிஜமாகவே மெல்ல, தடித்த மரத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். சுவீடனில் கடலடியிலிருந்து தூக்கிய வாசா கப்பலுக்கு இதையே 17 வருடம் தெளித்தார்கள்.

நடைப்பிரியை:
இடத்தைப் பார்க்கலாம், ஆனால் குழி எதையும் எதிர்பார்த்துப் போகாதீங்க. 1981இல் மூடிவிட்டார்கள். இப்போது புல்லும் புதரும்தான், நினைவாக ஒரு சின்ன மரக் கொட்டகை உண்டு. ஓசெட் ஏரியிலிருந்து அலாவா முனை வரை சுமார் 3 மைல், பாதிக்கு மேல் பலகைப் பாதை. மழை நாளில் அந்தப் பலகை வாழைத்தோல்தான், நான் இரண்டு தடவை விழுந்தேன், இரண்டாவது தடவை கேமராவோடு. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் பாறைகளில் செதுக்கிய ஓவியங்கள் தெரியும், ஓர்கா திமிங்கிலம், பாய்மரக் கப்பல் எல்லாம் உண்டு. அலை ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்க. தயவுசெய்து சாக்பீஸ் தடவி, தாள் வைத்து எல்லாம் படி எடுக்காதீங்க. நான் போன அன்றே ஒருத்தர் செய்துகொண்டிருந்தார், சொன்னதற்கு முறைத்தார்.

கணக்குப்புலி:
மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள். தலைநகரில் ஒரு பெரிய மியூசியத்தில் இருந்தால் லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். இங்கே சுனாமி வரக்கூடிய கரையில், அதுவும் நிலநடுக்கம் என்று நீங்களே சொன்ன ஊரில் வைத்திருப்பது என்ன பாதுகாப்பு? உணர்ச்சி வேறு, பராமரிப்பு வேறு.

ஈரமண்:
சுனாமி பயம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. மற்றது சரியில்லை சார்.

1970இல் கரை அரித்ததும் டோஹெர்ட்டிக்குத் தகவல் சொல்லி வரவழைத்ததே அப்போதைய மக்கா தலைவர் எட் கிளாப்லன்ஹூதான். பொருள்கள் ஊரை விட்டுப் போகக்கூடாது என்பதில் அவர்கள் கடைசி வரை நின்றார்கள். பதப்படுத்தும் கூடத்தை நியா பேயிலேயே அமைத்தார்கள், 1979இல் அருங்காட்சியகம் திறந்தது. அதாவது நீங்கள் சொல்லும் பராமரிப்பே அங்கேதான் நடந்தது. தோண்டி எடுத்ததில் என்னவென்று தெரியாத சில சாமான்களைக் காட்டினால், ‘இது இன்னதுக்கு’ என்று சொல்ல ஊரில் பெரியவர்கள் இருந்தார்கள். தலைநகரில் யாரிடம் கேட்பீர்கள்? சேமிப்பு அறையில் அடுக்கியிருப்பதும் மக்கா மொழி பொருள்களை எப்படி வகைப்படுத்துகிறதோ அப்படித்தான். யார் எதைத் தொடலாம், தொடக்கூடாது என்ற அவர்களுடைய வழக்கமும் அதில் உண்டு. எனக்கு அந்தக் கட்டுப்பாடுகள் எல்லாமே பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டுச் சாமான் அவர்களுடையது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓசெட்டில் ஆள் இல்லாமல் போனது மண்சரிவால் அல்ல. சரிவுக்குப் பிறகும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அரசாங்கத்தார் சொன்னார்கள், பள்ளி இருந்தது நியா பேயில். அப்படித்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். குழந்தைகளைத்தான் அப்படி வரவழைத்தார்கள், பெட்டி படுக்கையையும் அள்ளிக்கொண்டு போக வேண்டுமா?

வெறும் காட்சிப் பொருளும் இல்லை. அங்கே கிடைத்த மீன்வலை, ‘எங்கள் முன்னோர் வலை போட்டார்கள்’ என்பதற்கு நீதிமன்றத்தில் சான்றாக நின்றதாகச் சொல்வார்கள். அந்த மாநிலத்தில் மீன்பிடி உரிமைக்குப் பழங்குடிகள் எவ்வளவு சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் அதன் மதிப்பு தெரியும். 1974 தீர்ப்பில்தான் பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று வந்தது.

கணக்குப்புலி:
பள்ளி விஷயம் தெரியாது. சரி, வலைக்காக ஒத்துக்கொள்கிறேன். சுனாமிக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மழையூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. செப்டம்பரில் பையனோடு பலகைப் பாதையில் நடக்கப் போகிறேன், நல்ல பிடிப்புள்ள ஷூவோடு. ஈரமண் சார், அந்த நெல்லிக்கட்டை இப்போது எங்கே?

ஈரமண்:
அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். நான் காலேஜிலிருந்து வருவதற்குள் சாம்பல்.