நான்கு டொமைனுக்கு ஒரே எஸ்எஸ்எல் சேர்ட்டிபிகேட் போதுமா?

கல்லடியான்:
வணக்கம். உபுண்டுவும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரும் போட்ட சின்ன விபிஎஸ் (வாடகை சேர்வர்) ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பேருடைய வெப்சைட்டுகள் ஓடுகின்றன. ஒன்று பாசிக்குடா கெஸ்ட் ஹவுஸ்: டொட் கொம், டொட் எல்கே இரண்டும் உண்டு. மற்றது மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கிற கடை. அவர்கள் டொட் எல்கேயோடு, முழுக்கத் தமிழில் ஒரு டொட் இலங்கைப் பெயரும் எடுத்திருக்கிறார்கள். புக்கிங் பக்கத்தைத் திறந்தால் குரோம் 'பாதுகாப்பானது அல்ல' என்கிறது. சீசன் தொடங்கும் முன் எஸ்எஸ்எல் சேர்ட்டிபிகேட் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்) போட்டு இதை முடிக்க வேண்டும்.

ஹோஸ்டிங் எடுத்த இடத்தில் 'மல்டி டொமைன்' என்று வருடக் கட்டணம் கேட்கிறார்கள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளியோ வைல்ட்கார்ட் போட்டால் எல்லாம் அடங்கிவிடுமாம் என்று எங்கேயோ கேட்டு வந்து நிற்கிறார். இலவசமாக ஒன்றிலேயே நான்கையும் அடக்க முடியுமா? டொட் இலங்கைப் பெயரைக் கொடுத்தால் செர்ட்பாட் (சேர்ட்டிபிகேட் எடுத்துத் தரும் புரோகிராம்) எடுக்கவே மாட்டேன் என்கிறது.

வாவிக்கரை:
தம்பி, காசு கொடுக்க வேண்டாம். இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் ஒரு சேர்ட்டிபிகேட்டுக்குள் 100 பெயர்கள் வரை போடலாம். செர்ட்பாட் கட்டளையில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'டி' சுவிட்சைக் கொடுத்து வரிசையாக எழுதினால் சரி. டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டதும் போடாததும் வேறு வேறு பெயர்கள், இரண்டையும் எழுத வேண்டும்.

வைல்ட்கார்ட் உங்களுக்குத் தேவையில்லை. அது ஒரே டொமைனின் கிளைப் பெயர்களுக்குத்தான். டொட் கொம்முக்கு எடுத்தது டொட் எல்கேக்கு உதவாது. வைல்ட்கார்ட் எடுக்க டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவேட்டில்) டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவு வேறு வைத்து, டொமைன் உங்களுடையது என்று காட்ட வேண்டும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் நான்கையும் ஒன்றாகக் கட்ட மாட்டேன். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைத் தட்டி விபரம் பார்க்கிற எவருக்கும் உள்ளே உள்ள எல்லாப் பெயரும் தெரியும். ரூம் புக் பண்ண வருகிறவருக்குச் சாரக்கடை எதற்கு? அது கூடப் பரவாயில்லை. நாளை கடைக்காரர் தன் டொமைனுக்குக் காசு கட்ட மறந்தால், புதுப்பிக்கும்போது, டொமைன் உங்கள் கையில்தானா என்று பார்க்கும் சோதனையில் அந்த ஒரு பெயர் தவறும். ஒரு பெயர் தவறினால் முழுச் சேர்ட்டிபிகேட்டும் புதுப்பிக்கப்படாது. கெஸ்ட் ஹவுஸ்காரர் தவணை தவறாமல் கட்டியும் அவருடைய சைட்டும் சேர்ந்து சிவப்புக் காட்டும். ஆளுக்கொன்றாக இரண்டு எடுங்கள். எஸ்என்ஐ (எந்தப் பெயர் வேண்டும் என்று பிரவுசர் முதலிலேயே சொல்லும் முறை) வந்த பிறகு ஒரே ஐபியில் எத்தனை சேர்ட்டிபிகேட்டும் ஓடும்.

கல்முனை நானா:
டொட் இலங்கை விஷயத்தை நான் சொல்கிறேன். செர்ட்பாட்டுக்குத் தமிழ் எழுத்து செல்லாது, பியூனிகோட் வடிவம்தான் வேண்டும். 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடும் அதன் பின்னால் கன்னாபின்னா என்று இங்கிலீஷ் எழுத்தும் வருமே, அதுதான். புள்ளிக்கு இரண்டு பக்கமும் மாறும். கையால் தட்டாமல் கன்வேர்ட்டரில் எடுத்து ஒட்டுங்கள். என்ஜின்எக்ஸ் சேர்வர் நேமிலும் அதே வடிவம்தான். பிரவுசரில் தமிழிலேயே தட்டலாம்.

கல்லடியான்:
நன்றி அண்ணன், நானா. இரண்டாகப் பிரித்தேன். கடையின் இரண்டு பெயரும் சரி, கெஸ்ட் ஹவுஸ் டொட் கொம்மும் சரி. டொட் எல்கே மட்டும் சோதனையில் விழுகிறது. போர்ட் 80 (சாதாரண வெப் இணைப்பு வரும் வாசல்) திறந்துதான் இருக்கிறது, பிரவுசரிலும் சைட் வருகிறது.

வாவிக்கரை:
அந்த டொமைன் முன்னர் வேறு இடத்தில் இருந்ததா? டிஎன்எஸ்ஸில் குவாட் ஏ பதிவு (புதிய வகையான ஐபிவி6 முகவரியைச் சொல்வது) ஒன்று பழைய சேர்வரைக் காட்டிக்கொண்டு இருக்கும், பாருங்கள். ஐபிவி6 முகவரி இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அங்கேதான் போகும். உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லாவிட்டால் உங்களுக்குப் பிழையே தெரியாது. அதை அழித்துவிட்டு, முதலில் டிரை ரன்னில் (ஒத்திகையாக) ஓட்டிப் பாருங்கள். ஒரு பெயர் மணித்தியாலத்துக்கு 5 தடவை தவறினால் கொஞ்ச நேரம் பூட்டிவிடுவார்கள்.

கல்லடியான்:
குவாட் ஏதான் அண்ணன்! பழைய ஹோஸ்டிங்கின் முகவரி அப்படியே கிடந்தது. அழித்ததும் வந்துவிட்டது. 90 நாளில் முடியும் என்று போட்டிருக்கிறதே, முடிகிற நேரம் மெயில் வருமா?

வாவிக்கரை:
வராது, 2025 ஜூனோடு அந்த மெயிலை நிறுத்திவிட்டார்கள். 30 நாள் மிச்சம் இருக்கும்போது செர்ட்பாட் தானே புதுப்பிக்கும். அதைத் தானாகக் கிளப்பும் டைமர் ஓடுகிறதா என்று மட்டும் உபுண்டுவின் சிஸ்டம்டியில் பாருங்கள்.