முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு யோகா: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம். அம்மாவுக்கு ருமட்டாய்டு வகை முடக்குவாதம், கூடவே இரத்த அழுத்தம். தினமும் சூரிய நமஸ்காரம் செய்தவர். இப்போது காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரமாகிறது, மணிக்கட்டை ஊன்றினால் உயிர் போகிற வலி. ஆனாலும் யோகாவை விட மனசில்லை.

இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது கையைத் தூக்கி, விடும்போது இறக்குகிறார். சவாசனத்தில் முட்டிக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தால்தான் இடுப்பு இளகுகிறது. மூச்சை அடக்குவதும் தலைகீழ் ஆசனங்களும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சரி.

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? மூச்சுப் பயிற்சி மட்டுமா, முழு ஓய்வா? மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையை மேசையில் ஊன்றிச் செய்து பார்த்தவர் உண்டா?

சென்னையில் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற யோகா பள்ளியில் ஆளுக்கு ஏற்றபடி சொல்லித் தருவார்கள். ராத்திரி முழுக்க ரயிலில் போய்வர அம்மாவுக்குத் தெம்பில்லை. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் வட்டாரத்தில் அந்த முறையில் கற்றவர் யாராவது இருக்கிறார்களா? மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆள் மட்டும் வேண்டாம். அப்புறம், வீட்டுக்கே வந்து சொல்லித் தந்தால் ரொம்ப உதவி.