மறு: டிஎல்சிஐ-க்கு ‘மடை எண்’ சரியா?

வணக்கம் அண்ணே,

ஃபிரேம் ரிலே என்ற பழைய நெட்வொர்க் முறையில், ஒவ்வொரு தரவுத் துண்டும் எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று காட்டும் எண்தான் டிஎல்சிஐ (DLCI). அதற்குத் தமிழில் ‘மடை எண்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் பிடித்துத்தான் போனது. டெல்டாக்காரன் வேறு எப்படி யோசிப்பான்! நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போன பிறகு ‘மூணாம் மதகு’ என்று மட்டும் சொன்னால், ‘எந்த வாய்க்கால்ல?’ என்றுதான் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கேட்பார். டிஎல்சிஐ-யும் அந்தந்த இணைப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இதற்கே முன்பு முன்மொழியப்பட்ட ‘பிணைய அடையாள எண்’ சறுக்குவது இங்கேதான். நெட்வொர்க் முழுக்க ஒரே எண் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

ஆனால் மடை பொருந்துவது போர்ட்டுக்கு, அதாவது கருவியில் கம்பி செருகும் வாய்க்கு அண்ணே, இந்த எண்ணுக்கு அல்ல. மடை ஓரிடத்தில் நிற்கிறது. டிஎல்சிஐ, தரவைச் சுமக்கும் சட்டகத்தின் (frame) தலைப்பகுதியில் ஏறிப் பயணம் போகிறது, போகிற வழியில் மாறவும் செய்கிறது.

ஒரு நிறுவனத்தின் கும்பகோணம் கிளைக்கும் மன்னார்குடி கிளைக்கும் ஒரு மெய்நிகர் சுற்று, அதாவது பொது நெட்வொர்க்குக்குள் இரண்டுக்கும் இடையே வகுத்த ஒரு பாதை, என்று வையுங்கள். கும்பகோணம் ரவுட்டர் 102 என்று எழுதி அனுப்பும். முதல் சுவிட்ச், ‘இந்தப் போர்ட்டில் 102 வந்தால் அந்தப் போர்ட்டில் 37’ என்ற அட்டவணை வரியைப் பார்த்து எண்ணை மாற்றும். அடுத்தது 37-ஐ 201 ஆக்கும். மன்னார்குடி காண்பது 201 மட்டுமே; பதிலையும் 201 போட்டே அனுப்பும், கும்பகோணத்தில் அது 102 ஆக இறங்கும். நாகப்பட்டினம் கிளையும் தன் இணைப்பில் 102 வைத்துக்கொள்ளலாம். மோதாது, சுவிட்ச் போர்ட்டையும் எண்ணையும் சேர்த்தே பார்க்கிறது.

இரண்டு பைட் தலைப்பகுதியில் இந்த எண்ணுக்கு 10 பிட். 0 கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைக்குப் போய்விடும். பயனர் சுற்றுகளுக்கு வழக்கமாக 16 முதல் 1007 வரை, அதாவது 992 எண்கள். அத்தனை பெரிய வலைக்கு இது எப்படிப் போதும்? இணைப்புக்கு இணைப்பு அதே எண்கள் திரும்பப் புழங்குவதால்தான்.

அதனால் என் முன்மொழிவு ‘கண்ணித்தட எண்’. சங்கிலியில் ஒரு கண்ணி, அதற்குள் ஒரு தடம், அதன் எண். கண்ணிவெடி நினைவு வருகிறது என்று யாராவது சொல்வார்கள், பரவாயில்லை. ஏடிஎம் (பண இயந்திரம் அல்ல, ATM என்ற இன்னொரு நெட்வொர்க் முறை) பயன்படுத்தும் விபிஐ, விசிஐ என்ற சுற்று எண்கள் இரண்டும் இதே குணம் கொண்டவை என்பதால் பொதுப்பெயராகவும் நிற்கும். எம்பிஎல்எஸ் (MPLS) என்ற நெட்வொர்க் முறையின் 20 பிட் லேபிளும் அப்படித்தான், ஆனால் அதற்குச் ‘சிட்டை’ போதும்.

‘மடை’யைப் போர்ட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணே. இதற்கு ஆட்சேபம் வராவிட்டால் திருவாரூர் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பில் கண்ணித்தட எண் என்றே போட்டுவிடுகிறேன்.