நடுவயதில் வரைதலும் அச்சோவியமும்: உறுப்பினர்களின் தொடக்க அனுபவங்கள்

முதல் பகிர்வு

பிறவித் திறமை உள்ளவர்களுக்கே ஓவியம் என்று முடிவு செய்து, நாற்பது வயது கடந்தும் பென்சிலைத் தொடாமல் இருந்தவன் நான். பெரும்பாலோர் வரைந்து பழகிய பிறகே அச்சோவியத்துக்கு, அதாவது செதுக்கிய பலகையிலோ தகட்டிலோ மை பூசித் தாளில் படம் பதிக்கும் கலைக்கு, வருகிறார்கள். எனக்கு அது தலைகீழாக நிகழ்ந்தது. மாலை நேரப் பயிலரங்கு ஒன்றின் முதல் வகுப்பில் ஆசிரியர் ஒரு லினோலியத் துண்டையும் 'வி' வடிவ முனை கொண்ட உளியையும் கொடுத்து, படம் எதையும் யோசிக்காமல் வெறும் கோடுகளை மட்டும் வெட்டச் சொன்னார். உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதை அன்று அவர் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை.

ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சேர்த்துச் சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்வது லினோலியம். பிரடெரிக் வால்டன் 1860களில் காப்புரிமை பெற்றபோது அது தரையில் விரிப்பதற்கான பொருளாகவே இருந்தது. மரத்தில் உள்ளது போன்ற இழையோட்டம் இதில் இல்லாததால் உளி எந்தத் திசையிலும் தடையின்றிச் செல்லும். புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. குளிரில் இது இறுகிவிடும், வெதுவெதுப்பில் இளகும். வெட்டுவதற்கு முன் சிறிது நேரம் அதன் மேல் உட்கார்ந்திருக்குமாறு ஆசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த யோசனை நன்றாகவே பலித்தது.

வெட்டிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் அச்சாகும் என்ற எளிய விதிதான் எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோப்பையை வரையச் சொன்னால் அதுவரை நான் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடிழுத்திருப்பேன். உளியோடு அமர்ந்தபோது, ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, கோப்பைக்கும் அதன் கைப்பிடிக்கும் இடையிலுள்ள வெற்றிடம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருளும் மட்டும் எஞ்சும். இந்த உத்தியைப் பென்சில் வரைதலுக்கு எடுத்துச் சென்ற பிறகே என் படங்களில் பொருள்கள் தட்டையாகத் தெரிவது குறைந்தது.

மையைப் பொறுத்தவரை கண்ணைவிடக் காதை நம்புவது நல்லது. கண்ணாடிப் பலகையில் ரோலரை உருட்டும்போது மெல்லிய, சீரான சரசரப்பு கேட்டால் மை போதிய அளவில் இருக்கிறது. ஈரமாக ஒட்டிப் பிரியும் ஓசை எழுந்தால் அது கூடுதல், மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். அச்சு இயந்திரம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. மை பூசிய லினோலியத்தின் மேல் தாளை வைத்து மரக்கரண்டியின் பின்புறத்தால் சீராகத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, மை போதாத இடத்தில் மறுபடியும் தேய்த்தால் போதுமானது. நீர் சார்ந்த மை விரைவில் உலர்வதால் வேகமாக வேலை செய்ய வேண்டும். எண்ணெய் மை பொறுமையாக வேலை செய்ய விடும், ஆனால் தாள் உலர நாள்கள் ஆகும்.

இரண்டாம் பகிர்வு

முந்தைய பகிர்வை எழுதிய அன்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் லினோதான் எல்லோருக்கும் முதற்படி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரைதலில் ஓரளவு பழகி, கோட்டின் மீதே ஆசை கொண்டவர்களுக்கு ட்ரைபாயிண்ட் பொருத்தமாக இருக்கும். செப்புத் தகட்டிலோ அக்ரிலிக் தகட்டிலோ எஃகு ஊசியால் நேரடியாகக் கீறுவது அந்த முறை. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் போன்று மென்மையாக அச்சாகும். அழுத்தத்தில் அந்தப் பிசிறு விரைவில் தேய்ந்துவிடுவதால் நல்ல பிரதிகள் குறைவாகவே கிடைக்கும். தாளை ஈரப்படுத்துவதும், உருளை அச்சு இயந்திரத்தில் செலுத்துவதும் இன்றியமையாதவை என்பதால், பொதுப் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்தால் மட்டுமே இதைத் தொடங்குமாறு சொல்வேன்.

எனக்கு இதில் துணிவு தந்தது டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653ஆம் ஆண்டில் செய்த 'மூன்று சிலுவைகள்' என்ற ட்ரைபாயிண்ட் அச்சு. அந்தத் தகட்டின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்த பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், பிந்தைய கட்டத்தில் அவர் பல உருவங்களை அழித்து, காட்சியின் பெரும்பகுதியை அடர்ந்த கோடுகளால் இருளுக்குள் தள்ளியிருப்பது தெரியும். தாளில் வரையும் ஓவியத்தை அப்படிப் புரட்டிப்போட்டால் முந்தைய நிலை தொலைந்துவிடும். அச்சிலோ முந்தைய பிரதி கையில் இருக்கிறது. கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் பெரியவர்களிடம் குழந்தைகளைவிட மிகுதி என்பதால், இந்த வேறுபாடு நமக்குச் சிறியதன்று.

மூன்றாம் பகிர்வு

ஐம்பதை எட்டியவர்கள் இங்கு இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்சின் மரச்செதுக்கு அச்சுகளை ஓர் அருங்காட்சியகத்தில் கண்டபோது, அருகிலிருந்த குறிப்பில் அவர் பிறந்த ஆண்டு 1867 என்றும், சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பின் 1920இல் இந்த முறையைக் கையாளத் தொடங்கினார் என்றும் படித்தேன். அதற்கு முன்பே அவர் புகழ்பெற்ற கலைஞர், ஆகவே என்னை அவரோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும், ஐம்பதைக் கடந்த ஒருவர் புதிய கருவியைக் கையிலெடுத்து, போரில் மகனை இழந்த துயரை 7 மரச்செதுக்குகளில் சொன்னார் என்பது என்னை அங்கேயே நிறுத்திவைத்தது. அவற்றுள் 'தாய்மார்கள்' என்ற அச்சில் பெண்களின் உடல்கள் ஒரே கரிய திரளாக இணைந்திருக்க, முகங்களும் கைகளுமே வெளிச்சத்தில் தெரிகின்றன. முதல் பகிர்வில் சொல்லப்பட்ட விதியின் முழு வலிமையை அதில்தான் கண்டேன்.

வீடு திரும்பிய பிறகு என் கையையே நாள்தோறும் வரையத் தொடங்கினேன், தாளைப் பார்க்காமல், கண் நகரும் வேகத்தில் பென்சிலும் நகருமாறு. கிடைத்த உருவங்கள் விகாரமாகவே இருந்தன. ஆனால் அவற்றின் கோடுகளில், பார்த்துப் பார்த்துத் திருத்திய படங்களில் இல்லாத ஒரு கூர்மை இருந்தது. அவற்றுள் ஒன்றை மென்மையான 4பி பென்சிலால் டிரேசிங் தாளில் படியெடுத்து, தாளைக் கவிழ்த்து லினோவின் மேல் தேய்த்து மாற்றினேன். இப்படிக் கவிழ்த்துத் தேய்த்தால் அச்சில் படம் நேராக வரும். எழுத்துகள் இடம்பெறும் படங்களுக்கு இந்த ஒரு பழக்கமே போதும்.

இப்போது ஒவ்வொரு சோதனைப் பிரதியின் பின்புறத்திலும் தேதி, தாளின் வகை, மையின் வகை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்துவைக்கிறேன். பதிப்பாக எடுக்கும் பிரதிகளில் மட்டும் முன்புறம், படத்தின் கீழே இடப்பக்கத்தில் 3/10 (பத்துப் பிரதிகளில் மூன்றாவது) என்பது போன்ற எண்ணும் வலப்பக்கத்தில் கையொப்பமும் இடுகிறேன். ட்ரைபாயிண்ட் பற்றி எழுதிய உறுப்பினர், தாளை எவ்வளவு நேரம் நீரில் ஊறவைக்கிறார், அக்ரிலிக் தகட்டின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்துக்கொள்கிறாரா என்பவற்றையும் எழுதினால், நான் அடுத்துத் தொடங்கவிருக்கும் தகட்டுக்கு உதவியாக இருக்கும்.