தலைக்குக் குளிக்கும்போது மட்டும் வர்ற வலிப்பு, நார்மல்னு வந்த ஈஈஜி: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தஞ்சை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு வந்தது என்னன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த ஒன்றரை வருஷத்த வேற யாரும் படக்கூடாதுன்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அப்போ அவனுக்கு 6 வயசு. எங்க வீட்ல சனிக்கிழமைன்னா எண்ணெய்க் குளியல். மாமியார் நல்லெண்ணெய காய்ச்சி உச்சந்தலைல வச்சு தேச்சு அரைமணி ஊறவிட்டு, சீயக்காய் போட்டு, ஆவி பறக்குற வெந்நீர சொம்பு சொம்பா தலைல ஊத்துவாங்க. நாலாவது அஞ்சாவது சொம்புக்கு பையன் பேசிட்டு இருந்தத அப்படியே நிறுத்திட்டு ஒரு பக்கமா வெறிச்சுப் பாப்பான், வாய் சப்புக்கொட்டுற மாதிரி அசையும், வலது கை விரல் துண்ட பிசைஞ்சுகிட்டே இருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஒரு நிமிஷம் இருக்கும், அதுக்குள்ள சரியாயிடும், அப்புறம் துவண்டு போய் ரெண்டு மணி நேரம் தூங்குவான். எண்ணெய் தேச்சு குளிச்சா யாருக்குத்தான் தூக்கம் வராது, நாங்களும் அப்படியே நெனச்சுட்டோம். கண்ணுல சீயக்காய் பட்டு பயந்துட்டான்னு விபூதி போட்டோம், அவ்ளோதான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு விடியக்காலை 4 மணிக்கு குளிக்க வைக்கும்போது பலகைலேருந்து சாஞ்சு விழுந்து கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துது, வாய்ல நுரை. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து கைல சாவிக்கொத்த திணிச்சாங்க. (இத யாரும் செய்யாதீங்க, இரும்பால ஒண்ணும் நிக்காது, அதுவா நிக்கிற நேரத்துல நாம குடுத்திருப்போம் அதான். ஒருக்களிச்சு படுக்க வச்சு, வாய்ல எதையும் திணிக்காம, மணி பாக்கணும், 5 நிமிஷம் தாண்டினா உடனே ஆஸ்பத்திரி.)

ஊர்ல ஒரு எடத்துல காட்டினோம். எம்ஆர்ஐ எடுத்தாங்க, ஈஈஜி (தலைல வயர் ஒட்டி மூளைல ஓடுற மின் அலைய பதிவு பண்ற டெஸ்ட்) எடுத்தாங்க, ரெண்டும் நார்மல், ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு நான் கோயில்ல தேங்காய் உடைச்சேன். அதுக்கப்புறம் நாலு தடவ வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான் அந்த நார்மல்ங்கிற தாள எடுத்துப் பாத்துட்டு இது வேற ஏதோன்னு மனச சமாதானம் பண்ணிப்பேன்.

ரெண்டாவதா போன நரம்பியல் டாக்டர் ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு கேள்வியா கேட்டார். எப்ப வருது, குளிக்கும்போதா குளிச்சப்புறமா, தலைக்கு ஊத்தும்போதா மேலுக்கு ஊத்தும்போதா, தண்ணி எவ்ளோ சூடு, கண்ணு எந்தப் பக்கம் போகுது, எந்தக் கை பிசையுது. தலைக்கு ஊத்தாத நாள்ல வந்திருக்கான்னு கேட்டார் பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது, ஒரு நாளும் வந்ததில்ல. எல்லாமே சனிக்கிழமை, இல்ல பண்டிகை நாள். இவ்ளோ நாளா கண்ணு முன்னாடி இருந்துருக்கு.

வெந்நீர் வலிப்புன்னு சொன்னார். உலகத்துல வேற எங்கயும் விட நம்ம தென்னிந்தியாவுலதான் இது அதிகம் பதிவாயிருக்காம், முக்கியமா கர்நாடகா பக்கம், பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கிற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரில இதப்பத்தி நெறைய ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, துருக்கிலயும் கணிசமா இருக்காம். 40லேருந்து 50 டிகிரி சூட்டுத் தண்ணிய வேகமா தலைல ஊத்துற பழக்கம் இருக்கற எடத்துல, மூளை அந்த திடீர் சூட்ட தாங்க முடியாத சில பேருக்கு வருதாம். பரம்பரையாவும் இருக்கலாம்னார், என் வீட்டுக்காரர் உடனே அவங்க பெரியப்பா சின்ன வயசுல கிணத்தடில வெந்நீர் ஊத்தும்போது மயங்கி விழுவார்னு சொன்னார், இத்தனை நாளா அந்தப் பேச்சே வீட்ல வந்ததில்ல.

தூக்கம் கெடுத்து இன்னொரு ஈஈஜி எடுக்கச் சொன்னார். ராத்திரி 12 மணி வரைக்கும் கதை சொல்லி முழிக்க வச்சு, விடியக்காலை 4 மணிக்கு எழுப்பி, ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசை இல்லாம அலசி (ஆறின தண்ணிலதான்) கூட்டிட்டுப் போனோம். டேப் வச்சு தலைய அளந்து, பென்சிலால புள்ளி வச்சு, பசை தடவி ஒவ்வொரு வயரா ஒட்டினாங்க. கண்ண மூடு தொற, மூணு நிமிஷம் நல்லா இழுத்து இழுத்து ஊது, அப்புறம் பளிச் பளிச்னு லைட்டு, கடைசில தூங்க விட்டாங்க. என் பையன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அம்மா ஷாக் அடிக்குமா. அடிக்கவே இல்ல.

அதுவும் நார்மல். ஆனா இந்த தடவ டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லல. வெந்நீர் வலிப்புல ரெண்டு வலிப்புக்கு நடுவுல எடுக்கற ஈஈஜி பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும், நீங்க சொன்னதுதான் எனக்கு ரிப்போர்ட்னு சொன்னார். வெதுவெதுப்பான தண்ணி, மொதல்ல மேலுக்கு ஊத்திட்டு கடைசிலதான் தலை, அதுவும் மெதுவா, தலைக்கு குளிக்கிற அன்னிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஒரு மாத்திரை. 14 மாசம் ஆச்சு, வரல. சில பிள்ளைங்களுக்கு பின்னாடி தண்ணி இல்லாமலும் வர வாய்ப்பிருக்குன்னு சொல்லிருக்கார், அதனால விடாம காட்டிட்டு இருக்கோம்.

உங்க வீட்ல யாருக்காவது இந்த மாதிரி டெஸ்ட் ஒண்ணு சொல்லி உடம்பு ஒண்ணு சொன்னதா இருந்தா எழுதுங்க.

லேப்காரர்:

அக்கா, நான் ஈஈஜி டெக்னீசியன், 19 வருஷமா இதே வேலை. உங்க பையன் கேட்ட கேள்விய தினமும் கேக்குறேன், பெரியவங்களும் கேப்பாங்க. நாங்க கரண்ட உள்ள அனுப்புறதே இல்லங்க, மூளைல ஏற்கனவே ஓடுறத வாங்கி பெருசு பண்ணிக் காட்டுறோம், அவ்ளோதான். அது ரொம்ப ரொம்பச் சின்னது, நெஞ்சுல எடுக்கற ஈசிஜி மில்லிவோல்ட் கணக்கு, இது மைக்ரோவோல்ட், அதாவது அதுல ஆயிரத்துல ஒரு பங்கு, மண்டையோட்டயும் தோலையும் தாண்டி வரும்போது சாதாரணமா 100 மைக்ரோவோல்ட்டுக்குள்ளதான் இருக்கும். அதனாலதான் எண்ணெய் வேண்டாம், பல்ல கடிக்காதீங்க, பபிள்கம் துப்புங்கன்னு கத்துறோம், தாடை அசைஞ்சாலே அந்த அலை மூளை அலைய மூடிடும்.

ஜெர்மனில யேனா நகரத்துல ஹான்ஸ் பெர்கர்னு ஒரு மனநல டாக்டர் 1924ல மொதல்ல மனுஷ மூளைலேருந்து இத எடுத்தார், வெளில சொல்லவே அஞ்சு வருஷம் தயங்கி 1929லதான் கட்டுரையா போட்டார். கண்ண மூடினா தலையோட பின்பக்கத்துல செகண்டுக்கு 8லேருந்து 13 அலை அழகா வரும், தொறந்தா மறைஞ்சுடும், அத அவர்தான் மொதல்ல பாத்தது. இன்னிக்கும் நான் கண்ண மூடு தொறன்னு சொல்றது அதுக்குத்தான். டேப் வச்சு அளக்கறது மூக்குத் தண்டு ஆரம்பிக்கற எடத்துலேருந்து பின்மண்டை மேடு வரைக்கும், அத 10, 20 சதவீதமா பிரிச்சு வயர் வைப்போம், அப்பதான் எந்த ஊர்ல எடுத்தாலும் ஒரே எடத்துல இருக்கும்.

அக்கா சொன்ன நார்மல் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நாங்க எடுக்கறது 20, 30 நிமிஷம். வலிப்பு நோய் உறுதியா இருக்கறவங்கள்லயே கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மொதல் ஈஈஜில ஒண்ணும் சிக்காது. திரும்ப எடுத்தா, தூக்கத்துல எடுத்தா கூடும். மூளையோட உள்மடிப்புல நடக்குறது மேல எட்டாமலே போகலாம்.

ஆனா சிக்கற நாளும் உண்டு. ஒரு தடவ 8 வயசுப் பொண்ண கூட்டிட்டு வந்தாங்க, கிளாஸ்ல கவனிக்கறதே இல்ல, பாதி டிக்டேஷன்ல நிறுத்திடுறான்னு டீச்சர் நோட்டுல எழுதி அனுப்பி அனுப்பி, வீட்லயும் அடி. காகிதக் காத்தாடி ஒண்ணு கைல குடுத்து ஊதச் சொன்னேன். ரெண்டாவது நிமிஷம் காத்தாடி நின்னுடுச்சு, கண்ணு மேல சொருகிச்சு, ஸ்கிரீன்ல ஒரே நேரத்துல எல்லா சேனல்லயும் செகண்டுக்கு மூணுன்னு முள்ளும் அலையுமா 9 செகண்ட். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஊத ஆரம்பிச்சுட்டா. ரிப்போர்ட் சொல்றது என் வேலை இல்ல, நான் வாயத் தொறக்கல, ஆனா அந்தம்மா ஸ்கிரீனயும் பிள்ளையயும் மாறி மாறி பாத்துட்டு, இதுக்கா அடிச்சேன்னு கேட்டுச்சு. மாத்திரைல நல்லா கட்டுப்படற வலிப்பு வகை அது. அந்தப் பொண்ணு அடுத்த தடவ வரும்போது அவளே காத்தாடி செஞ்சு எடுத்துட்டு வந்தா.

பாப்பாவோட சித்தி:

எங்க அக்கா பாப்பாவுக்கு 5 மாசத்துல ஆரம்பிச்சுது. தூங்கி எழுந்திரிக்கும்போது ரெண்டு கையயும் முன்னாடி விசிறி, தலைய குனிஞ்சு, கும்பிடுற மாதிரி ஒரு தூக்கிப்போடல். அஞ்சு செகண்ட் விட்டு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, இப்படி இருபது முப்பது வரும், முடிஞ்சதும் அழும். தெருவுல எல்லாரும் உரம் விழுந்திருக்குன்னாங்க, சேலைல போட்டு உருட்டி உரம் எடுத்தோம், மூணு வாரம் போச்சு. அதுக்குள்ள சிரிக்கறத நிறுத்திடுச்சு. எனக்கு அதுதான் இன்னிக்கும் தாங்கல, முகம் பாத்து சிரிச்ச பிள்ளை சிரிக்கறத நிறுத்துனத நாங்க பல்லு மொளைக்குதுன்னு சொன்னோம்.

நான் போன்ல எடுத்த ஒரு நிமிஷ வீடியோவ பாத்ததும் குழந்தை டாக்டர் அன்னிக்கே ஈஈஜிக்கு அனுப்பிட்டார். அந்த அலை ஒழுங்கே இல்லாம மேடும் பள்ளமுமா கொந்தளிக்குது. வெஸ்ட் சிண்ட்ரோம், கைக்குழந்தைங்களுக்கு வர்ற ஒரு வகை வலிப்பு. 1841ல இங்கிலாந்துல வெஸ்ட்னு ஒரு டாக்டர் தன் சொந்தக் கைக்குழந்தைக்கு வந்தத லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைக்கு கடிதமா எழுதி, யாருக்காவது தெரியுமான்னு கேட்டுருக்கார், அவர் பேர்லயே இருக்கு. நமக்கு இப்ப மருந்து இருக்கு, ஸ்டீராய்டு மாதிரி ஊசி மாத்திரை, விகாபாட்ரின்னு ஒண்ணு. ஆனா எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்ளோ நல்லது. இப்ப 4 வயசு, நடக்கறா, பேச்சு லேட்டு, ஸ்பீச் தெரபி போயிட்டு இருக்கு. தொடர்ச்சியா தூக்கிப்போட்டா உரம் எடுக்கப் போகாதீங்க, வீடியோ எடுத்துட்டு டாக்டர்ட்ட ஓடுங்க.

தறிக்காரர் மகன்:

மூளை இல்ல, எங்க அப்பாவுக்கு நரம்பு. எழுதலாம்ல? லேப்காரர் அண்ணன் ஷாக் இல்லன்னு சொன்னது தலைக்குத்தான், இந்த நரம்புக் கடத்தல் டெஸ்ட்ல (நரம்புல சிக்னல் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்கறது) சின்னச் சின்னதா ஷாக் உண்டு, சுண்டிவிட்ட மாதிரி சுரீர்னு இருக்கும், அப்பா பல்ல கடிச்சுகிட்டாரு, ஆபத்து ஒண்ணும் இல்ல.

நாலு நாள் வயித்தாலே போச்சு, சரியாகி ஒரு பத்து நாள் கழிச்சு பாதம் மதமதன்னு இருக்குன்னாரு. மறுநாள் தறி மிதி மிதிக்க முடியல. அதுக்கு மறுநாள் பஸ் படி ஏறல. ஒரு எடத்துல டெஸ்ட் எடுத்துட்டு நரம்பு பெருசா கொறை இல்ல, பயந்துருக்காரு, சத்து ஊசி போட்டுக்கோங்கன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எழுந்து நிக்கவே முடியல. பெரிய ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டரம்மா, சின்ன வயசுதான், சுத்தியலால முழங்கால தட்டிப் பாத்தாங்க, ரெண்டு காலும் அசையல. ஒரே மூச்சுல எண்ணச் சொன்னாங்க, அப்பா 14ல நின்னுட்டாரு. கியான் பாரே, உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பத் தாக்குற நோய்னு சொல்லி உடனே ஐசியு. ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாங்கிற திரவத்த மாத்துனாங்க.

நான்தான் கேட்டேன், டெஸ்ட் சரியா இருந்துச்சேன்னு. ஆரம்ப நாள்ல எடுத்தா அப்படித்தான் இருக்கும், நரம்பு மேல உள்ள உறை அழியறது மெஷின்ல தெரிய ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் காத்திருந்தா மூச்சு போயிடும்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு எடுத்ததுல, கைல செகண்டுக்கு 50 மீட்டருக்கு மேல ஓட வேண்டியது 28ல ஓடுச்சு. எட்டு மாசம் பிசியோதெரபி. இப்ப தறில உக்காந்துட்டாரு, வேகம் கொறைவு, ஆனா உக்காந்துட்டாரு.

குரோம்பேட்டை:

எனக்கு தலைகீழ். காலேஜ்ல கோயில் க்யூல நிக்கும்போது மயங்கி விழுந்தேன், ஈஈஜில அசாதாரணம்னு எழுதிட்டாங்க, 5 வருஷம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன், வந்த ரெண்டு வரனும் அதனாலேயே போச்சு. அப்புறம் வேற ஒருத்தர்தான் விழறதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு கேட்டார். கண்ணு இருட்டுச்சு, வேர்த்துச்சு, சத்தமெல்லாம் தூரமா போச்சு, விழுந்ததும் உடனே தெளிஞ்சுடுச்சுன்னேன். சாதாரண மயக்கம்மா இது, ரத்த அழுத்தம் இறங்கறது, அந்தப் பழைய ஈஈஜில இருக்கறது தூக்கக் கலக்கத்துல எல்லாருக்கும் வர்ற அலைன்னார். மாத்திரைய நானா நிறுத்தல, அவர் படிப்படியா கொறைச்சார்.

நெஜமாவே வலிப்பு இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இந்துத் திருமணச் சட்டத்துல வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு கேஸ் போடலாம்னு இருந்தத 1999லயே எடுத்துட்டாங்க. எங்க வீட்ல யாருக்கும் இது தெரியாது, உங்க வீட்லயும் தெரிஞ்சிருக்காது, சொல்லி வைங்க.

தஞ்சை அம்மா:

எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து வீட்டுக்காரர்ட்ட படிச்சுக் காட்டினேன். லேப்காரர் தம்பி, அந்தக் காத்தாடிய பையன்ட்ட சொன்னேன், அடுத்த தடவ அவனும் செஞ்சுட்டுப் போகணுமாம். சித்திம்மா, பாப்பா பேசினா வந்து எழுதுங்க, காத்திருப்பேன்.

இந்த சனிக்கிழமை மாமியார் தண்ணிய மொதல்ல தன் முழங்கைல விட்டுப் பாத்துட்டு, இன்னும் ஆறட்டும்னு பக்கத்துல பலகை போட்டு உக்காந்துட்டாங்க. பையன் குளிச்சு முடிக்கிற வரைக்கும் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிட்டே இருந்தான், எங்கயும் நிறுத்தல.