112 கிலோவில் ராடைத் தொட்ட கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ராடுதாசன், திருப்பூர்

உயரம் 170 செ.மீ., எடை 112 கிலோ. ஜிம்முக்குள் கால் வைத்ததும் மாஸ்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல உடம்பக் கொறைங்க ப்ரோ, மூணு மாசம் கழிச்சு வெயிட் தொடலாம்" என்றார். தினமும் ட்ரெட்மில், அப்புறம் பர்ப்பி (தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), தண்டால், பஸ்கி. தண்டால் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. பன்னிரண்டாம் நாள் முட்டி வீங்கி, கட்டிய ஆறு மாதப் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தண்டால் எடுக்கும்போது உடம்பு எடையில் பாதிக்கு மேல் கையில்தான் இறங்குகிறது. என் கணக்குக்கு அது 70 கிலோ பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து 70 கிலோவை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. புதுசாக வருகிறவனுக்கு யாராவது 70 கிலோ மாட்டிக் கொடுப்பார்களா? ராடு (பிளேட் மாட்டும் நீளக் கம்பி) என்றால் வெறும் ராடில் தொடங்கலாம். என் தொப்பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்டால் எடுக்க வழியில்லையே. குண்டாக இருப்பவனுக்கு வெயிட் தூக்குவதுதான் சுலபம். வெயிட் இல்லாத பயிற்சிதான் ஆளைக் கொல்லும்.

ஒரு வருடம் கழித்து வேறு ஜிம். அங்கே ஆறு நாள் அட்டவணை: திங்கள் செஸ்ட், செவ்வாய் முதுகு, இப்படியே போய் சனிக்கிழமை கால். சனிக்கிழமை யார் வருகிறார்கள்? ஒரு நாள் தவறினால் அந்த உறுப்புக்கு அடுத்த வாரம்தான் முறை. மூன்று வாரத்தில் அதுவும் படுத்தது.

கடைசியில் நானே தேடிப் பிடித்தது ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5x5 என்ற பிளான்: ஒரு செட்டுக்கு ஐந்து தடவை, அப்படி ஐந்து செட். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது). அதோடு ஒரு நாள் பெஞ்ச் பிரஸ், ரோ (குனிந்து நின்று ராடை வயிற்றுப் பக்கம் இழுப்பது). அடுத்த முறை ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி ராடைத் தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது). டெட்லிஃப்ட் மட்டும் ஐந்தே தடவை, ஒரே செட். ஸ்குவாட், பெஞ்ச், ஓவர்ஹெட் பிரஸ் மூன்றையும் 20 கிலோ வெறும் ராடில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்ற வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் மார்க் ரிப்பிட்டோவின் ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரென்த் என்ற பிளானும் பார்த்தேன். அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் வரும் பவர் கிளீனை (ராடைத் தரையிலிருந்து ஒரே வேகத்தில் தோளுக்குத் தூக்குவது) சொல்லித்தர எங்கள் ஊரில் ஆள் இல்லை. அதைச் சுற்றி ஒரு பால் கதை வேறு உண்டு: தினம் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். ஒல்லிப் பையன்களுக்குச் சொன்னதை அரைகுறையாகப் படித்துவிட்டு நான் தினம் ஒன்றரை லிட்டர் குடித்தேன். ஒரு மாதத்தில் மூன்று கிலோ ஏறியதுதான் மிச்சம். எந்தப் பிளானை எடுத்தாலும், அது எந்த உடம்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, டெட்லிஃப்டுக்குக் குனிந்தால் தொப்பை தொடையில் இடித்து மூச்சு முட்டும். பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து உயரத்தில் நிற்கும். நம்மூர் ஜிம்மில் சின்ன 10 கிலோ இரும்புப் பிளேட் மாட்டுவதால் ராடு தரையோடு கிடக்கும், இன்னும் குனிய வேண்டும். இரண்டு பக்கமும் கீழே பிளேட்டை அடுக்கி ராடை உயர்த்திக்கொண்டேன். ஸ்குவாட்டுக்குக் காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் தொப்பைக்கு இடம் கிடைக்கிறது. இதற்கே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

மதுரைக்காரி

அண்ணா சொன்ன ராடு விஷயம் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது. நான் 88 கிலோ. ஸ்குவாட்டுக்கு 20 கிலோ ராடு சரி, ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அதே ராடு நெற்றியைத் தாண்டவில்லை. பெண்களுக்கான 15 கிலோ ராடு எங்கள் ஜிம்மில் கிடையாது. பைசெப்ஸுக்கு வைத்திருக்கும் சின்ன ராடை எடுத்தேன். மாஸ்டர் சிரித்தார், சிரிக்கட்டும். 2.5 கிலோ ஏற்றுவதும் கைக்கு அதிகம், மொத்தம் ஒரு கிலோதான் கூட்ட முடிந்தது. அதற்காக அரை கிலோ பிளேட் இரண்டு வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அது டங்கென்று இடிக்கும்போதெல்லாம் பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பழைய தூண், நாகர்கோவில்

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். எனக்கு 46 வயது, 104 கிலோ, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அந்த நேரத்துக்கு பிரஷர் எக்கச்சக்கமாக ஏறும். டாக்டரைப் பார்க்காமல் நான் ராடைத் தொடவில்லை. அவர் தூக்கலாம் என்றுதான் சொன்னார். மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு, திணறும் அளவுக்குப் போகாதே என்றார். அதனால் ஐந்துக்குப் பதில் பத்துத் தடவை, குறைந்த எடை. ஸ்குவாட்டுக்கு ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருப்பேன், அவ்வளவுதான். எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் போகிறேன், மழைக்கு மட்டும் லீவு.

ராடுதாசன்

அண்ணாச்சி சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்காமல் தொடங்கியது என் முட்டாள்தனம்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சோற்றைப் பாதியாக்கி முட்டையும் கொண்டைக்கடலையும் கூட்டினேன். 70 கிலோ வரை ஸ்குவாட் தடையில்லாமல் ஏறியது, அங்கே மூன்று முறை தோற்றேன். அப்படியானால் பத்து சதவீதம் இறக்கித் திரும்ப ஏறச் சொல்கிறது பிளான். குறைவாகச் சாப்பிடும்போது இது சீக்கிரமே வரும், பயப்பட ஒன்றுமில்லை.

எடை மெஷின் முதல் ஆறு வாரம் 112, 111 என்றே காட்டி வெறுப்பேற்றியது. ஒரு நாள் குளிக்கும்போது அரைஞாண் கயிறு நழுவி இடுப்புக்குக் கீழே இறங்கியது. அம்மாவிடம் காட்டினேன். "கயிறு இத்துப்போச்சுடா, புதுசு வாங்கிக்கோ" என்றார். முடிச்சை அவிழ்த்து நாலு விரல் உள்ளே தள்ளிப் போட்டேன். அதே கயிறுதான் இப்போதும் கிடக்கிறது.