புதுப்பிப்பு: எச்டி 800 எஸ் ஹெட்போன் வாங்கி மூணு வாரம் ஆச்சு

சென்ஹைசர் எச்டி 800 எஸ்ஸுக்குத் தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) வேணுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல? ஹெட்போனை வாங்கிட்டேன். இம்பீடன்ஸ் (மின் தடை) 300 ஓம், போனால இதை ஓட்ட முடியுமான்னு பயந்தேன். போன்ல சொருகுற குட்டி டாங்கிள்லயே சத்தம் வருது, ஆனா வால்யூமை நல்லா ஏத்தணும். ஆம்ப்ல போட்டதும்தான் தம்புரா பாடகருக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துச்சு. மிருதங்கத்தோட தொப்பி (தாழ்ந்த சத்தம் தர்ற பக்கம்) மட்டும் இன்னும் கொஞ்சம் கனமா கேட்டிருக்கலாம். 330 கிராம்தான், கழுத்து வலிக்கல.

ஓப்பன் பேக் (காது மூடியோட வெளிப்பக்கம் திறந்திருக்கும்) இல்லையா, எங்க பெங்களூரு அல்சூர் ஆட்டோ ஹாரன் எல்லாம் கச்சேரிக்குள்ள. உள்ள பாடுறது வெளியவும் போகுது. ராத்திரி பக்கத்துல படுத்திருந்த அம்மா, "யாருடா பாடுறது, நிறுத்து"ன்னாங்க!

தனியா வாங்கின வெள்ளிக் கேபிள்தான் தண்டம். கம்பி மாதிரி விறைப்பு. சட்டையில உரசினா காதுக்குள்ள கரகரங்குது. பெட்டியில வந்த கேபிளுக்கே திரும்பிட்டேன்.

ஹெட்போனை மாட்டி வைக்க "ஸ்டாண்டு எதுக்கு, ஆணி போதும்"னு சொன்ன அண்ணனுக்கு: துணி சுத்தின ஆணியிலதான் தொங்குது.